விடையோடு வாங்கும் கேள்வித்தாள்

மும்பையில் பி.எஸ்.சி. சேரும் பிள்ளைக்கு, முலுண்டின் வஜே கல்லூரியானாலும் சரி, மாட்டுங்காவின் ரூயாவானாலும் சரி, சீனியர்கள் சொல்லும் முதல் யோசனை இதுதான்: "அஞ்சு வருஷக் கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கோ." பெரியவர்கள் பலர் இதைக் குறுக்குவழி என்று கடிந்துகொள்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

2006-இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களிடம் ஒரு பாடப்பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதை இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறிவிட்டது: அவர்களுக்கு நினைவிருந்தது 42 சதவீதம், பார்க்காமல் எழுதியவர்களுக்கு 56 சதவீதம். பார்க்காமல் எழுத வைப்பதில்தான் கேள்வித்தாளின் பலம் இருக்கிறது.

அந்தப் பலத்தை நம் பிள்ளைகள் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். விடைகளோடு சேர்ந்த தொகுப்பை வாங்கி, கேள்வியைப் பார்த்த கையோடு விடைக்கு அடிக்கோடு போட்டால் அது வெறும் வாசிப்பு. ஆக்ஸிஜனைவிட நைட்ரஜனின் முதல் அயனியாக்க ஆற்றல் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு, "பாதி நிரம்பிய பி ஆர்பிட்டால், ஆகவே நிலைப்புத்தன்மை" என்று ஒப்பிப்பார்கள். அதே காரணத்தால்தான் பாஸ்பரஸ் (ஒரு மோலுக்கு 1012 கிலோஜூல்) கந்தகத்தை (1000) முந்துகிறது. கேள்வி அப்படி வந்தால் பேனா நின்றுவிடும்.

தாராவியில் மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளியில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வாக்கியம் அமைக்கத் தயங்குவதால் முழுப் பத்தியையும் மனப்பாடம் செய்கிறார்கள். அதைச் சோம்பல் என்று சொல்வது அநியாயம். அவர்களுக்குக் கேள்வித்தாள் இன்னொரு வகையிலும் உதவும்: 'டெரைவ்', 'ஜஸ்டிஃபை', 'டிஸ்டிங்விஷ்' என்று கேட்டால் எதை எழுத வேண்டும் என்பதை அதுதான் பழக்குகிறது. முதலில் தமிழில் காரணத்தைச் சொல்லிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்தில் இரண்டே வரி சொந்தமாக எழுதட்டும். பிழை இருந்தால் இருக்கட்டும்.

காலமும் முக்கியம். பரீட்சைக்கு முந்தைய வாரம் மொத்தத் தாளையும் விழுங்குவதைவிட, பாடம் முடிந்த வாரமே அதிலிருந்து இரண்டு கேள்விகளைப் போட்டுப் பார்த்து, மறு மாதம் அவற்றையே திரும்பப் போடுவது மேல். வீட்டில் இடமில்லை என்பது உண்மையான கஷ்டம்; அதற்காகத்தான் மும்பையில் அப்யாசிகாக்கள் (படிப்பறைகள்) இருக்கின்றன. நெரிசலான லோக்கல் ரயிலில் புத்தகம் விரிக்க முடியாதுதான். ஆனால் முலுண்டுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே எட்டு நிலையங்கள். காலையில் பார்த்த ஒரு கேள்விக்கு விடையை மனதுக்குள் சொல்லிப் பார்க்க அந்த நேரம் தாராளம்.

செய்முறைத் தேர்வுக்கு மட்டும் இது எதுவும் உதவாது. சீனியரின் ஜர்னலைப் பார்த்து பியூரெட் அளவுகளை எழுதிக்கொண்டவருக்குத் தன் குடுவையில் நிறம் மாறும் அந்தக் கடைசிச் சொட்டு பிடிபடாது. அங்கே கையால் செய்துதான் பழக வேண்டும்.