மிளகு சேராத மிளகு வாசம்

பெல்ஜியத்துப் பொன்னிற ஏல் என்றதும் பியர் பிரியர்கள் முதலில் டூவெலைத்தான் சொல்வார்கள். தகும். தொடக்கத்தில் கருநிறமாக இருந்து 1970இல் பொன்னிறத்துக்கு மாறிய அந்த பியர், பிசிறே இல்லாத ஒரு படைப்பு. ஆனால் எனக்கு அந்தப் பிசிறு கொஞ்சம் வேண்டும். அதனால் என் ஓட்டு மொய்னெத் ப்ளோந்துக்கு.

பிரெஞ்சு பேசும் வலோனியாவில், எனோ மாகாணத்தில், தூர்ப் என்றொரு சிற்றூர். அங்குள்ள பழைய பண்ணையொன்றில் 1844 முதல் பியர் காய்ச்சி வருகிறார்கள். 1920இல் அது துப்போன் குடும்பத்தின் கைக்கு வந்தது. குளிர்காலத்தில் காய்ச்சி, கோடையில் வயல்வேலை செய்பவர்களின் தாகத்துக்கென்று வைத்திருந்த ‘செசோன்’ வகையைக் கைவிடாமல் காத்த இடம் இது. அவர்களுடைய 6.5 சதவீத செசோன் உலகப் புகழ் பெற்றது. 1955இல் பிறந்த மொய்னெத்தோ 8.5 சதவீதம். பலத்தில் டூவெலுக்குச் சமம். குணத்தில் அசல் பண்ணைப் பிள்ளை.

கோப்பை அகன்ற வாயுள்ளதாக இருக்கட்டும். கார்க் கழன்றதும் நுரை பொங்கும், அவசரப்படாமல் சரித்து ஊற்ற வேண்டும். வெண்ணுரை திட்டுத் திட்டாகக் கண்ணாடியில் படிந்து நிற்கும். அதன் கீழே பொன்னிறம். மூக்கை அருகே கொண்டுபோனால் முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு பழுத்த பேரிக்காய். அவற்றுக்கு அடியில், புதிதாகப் பொடித்த மிளகும் ஒரு துளி கிராம்பும். மழை நின்ற வைக்கோல் போரின் வாசமும் எங்கோ பின்னணியில் இருக்கும்.

அந்த மிளகை யாரும் போடவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை வியப்பு. எல்லாம் ஈஸ்டின் வேலை. பெரும்பாலான ஏல்களை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே நொதிக்க விடுவார்கள். சூடு ஏறினால் வாசம் கெடும் என்ற பயம். துப்போனில் 30 டிகிரியைத் தாண்டவும் அனுமதிக்கிறார்கள். வேறு ஈஸ்டாக இருந்தால் கரைப்பான் நாற்றம் அடித்திருக்கும். இவர்களுடைய ஈஸ்டுக்கு அந்த வெக்கைதான் பிடிக்கும். அந்தச் சூட்டில் அது பழவாசம் தரும் எஸ்டர்களையும் காரநெடி தரும் ஃபீனால்களையும் தாராளமாகச் சுரக்கிறது. சர்க்கரையையோ கிட்டத்தட்ட மிச்சமில்லாமல் தின்று தீர்க்கிறது. பிறகு புட்டிக்குள்ளேயே இரண்டாம் நொதிப்பு. புட்டிகளைப் படுக்கவைத்து, வெதுவெதுப்பான அறையில் வாரக்கணக்கில் விட்டுவைப்பார்கள். அந்தப் பொடிப்பொடியான குமிழ்களும் நாக்கில் படும் துறுதுறுப்பும் அங்கே உருவாகின்றன. வாசனைக்கென்று மசாலாவைக் கொட்டி ‘பண்ணை பாணி’ என்று விற்கும் பியர்கள் மேல் எனக்கு மரியாதை வராததற்கு ஈஸ்டின் இந்தத் திறமையே காரணம்.

வாயில் வைத்தால் மால்ட்டின் மென்மையான இனிப்பு, தேன் என்று சொல்லிவிடத் தோன்றும் அளவுக்கு. தோன்றும்போதே அது மறைந்துவிடும். மண்வாசம் கலந்த ஹாப்ஸ் கசப்பு மேலெழும்பி, தொண்டை துடைத்தாற்போல் உலர்ந்து முடியும். இனிப்பு எதுவும் நாக்கில் ஒட்டி நிற்காது. இத்தனை பலமுள்ள பியர் இத்தனை லேசாக இறங்குவது அருமை, ஆபத்தும்கூட. எனவே மெல்ல மெல்லத்தான்.

இதை உறையக் குளிர்விப்பவர்கள் அதன் பாதியை இழக்கிறார்கள். 5 டிகிரியில் கசப்பும் குமிழும் மட்டுமே தெரியும். 10, 12 டிகிரிக்கு வரும்போது பேரிக்காயும் மிளகும் ஒவ்வொன்றாக வெளியே வரும். உடன் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி இருந்தால் நல்லது. அதன் புளிப்பும் கொழுப்பும் இந்தக் கசப்போடு இழையும். முதல் கோப்பையைத் தெளிவாக ஊற்றிக் குடித்துவிட்டு, அடியில் தங்கிய ஈஸ்டை லேசாகச் சுழற்றி இரண்டாவதில் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். நிறம் மங்கும், பியர் கனக்கும், ரொட்டி மாவின் வாசம் வந்து சேரும். தெளிந்த முதல் கோப்பையைவிட எனக்குப் பிடித்தது இந்தக் கலங்கல்தான்.