லயத்துச் சுவரும் அட்டைப்படமும்

மலிவுச் சஞ்சிகைகளின் அட்டைப்படங்களைப் பற்றி இத்தகைய ஏடொன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். நச்சு இலக்கியம் என்று ஒதுக்கியவற்றின் முகப்பை இன்று எடுத்துப் பாராட்டுவானேன் என்று அவர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும், அந்த அட்டைகளை நாம் நேசித்து வளர்ந்தோம் என்ற உண்மையை மறைத்துவிட்டு விமர்சனம் செய்வது நேர்மையாகாது.

ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி என்ற அளவிலான லயத்துக் காம்பராவில், அடுப்புப் புகை படிந்த சுவரிலே, சாமிப்பட நாட்காட்டிக்கு அருகே, கிழித்தெடுத்த சஞ்சிகை அட்டைகள் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். நாம் எழுத்துக்கூட்டத் தொடங்கிய காலத்தில் அவை நிறம் மங்கிப் பழசாகியிருந்தன. ஆயினும் எழுத்தறியாத பாட்டிமாரும் அவற்றைப் பார்த்துக் கதை சொன்னார்கள். ஓவியக்கூடம் என்ற ஒன்றைக் கண்டிராத மக்களுக்கு அச்சுவரே ஓவியக்கூடமாக விளங்கியது.

மலிவு ஏட்டின் பொருளாதாரமே அட்டைக்கு இந்த வலுவைத் தந்தது. மரக்கூழினாலான தரங்குறைந்த தாளில் உட்பக்கங்களை அச்சிட்டு, பளபளப்பான தாளில் அட்டையை மட்டும் வண்ணத்தில் தருவது அமெரிக்க மலிவுச் சஞ்சிகைகளின் வழக்கமாயிருந்தது. 1930களில் மார்கரெட் பிரண்டேஜ் என்னும் பெண்மணி தீட்டிய அட்டைகள் அவ்வாறே கடைவீதியில் கண்ணைப் பறித்தன. வாங்குபவன் முதலில் காண்பது அட்டையை. ஆகவே, கதை முழுவதையும் ஒரே கணத்தில் அது சொல்லியாகவேண்டும். இந்த நெருக்கடியே ஓவியனின் கையைக் கூர்மையாக்கியது.

தமிழிலே இக்கலைக்குப் பெரும் பரம்பரை உண்டு. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த உருவங்களே சோழர் காலத்தின் முகங்களாக வாசகர் நெஞ்சில் நிலைத்துவிட்டன. 'தில்லானா மோகனாம்பா'ளுக்குக் கோபுலு உயிரூட்டினார். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் சங்கர் வரைந்த வேதாளக் கதையின் முகப்புப் படத்தை யார் மறப்பார்? சவத்தைத் தோளிலிட்டு, கையில் வாளேந்தி, சுடுகாட்டினூடே நடக்கிறான் விக்கிரமன். நாள்தோறும் சுமையோடு மலையேறி இறங்கும் மக்களுக்கு அந்த நடை அந்நியமாகத் தோன்றவில்லை. எத்தனை முறை இறக்கினாலும் மீண்டும் தோளேறும் சுமை எத்தகையது என்பதை அவர்கள் அறிவார்கள்.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி'யை வெளியிட்டது. ஆங்கிலச் சித்திரக்கதையொன்றின் தமிழாக்கம் அது. மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் வெளியில் மிதக்கும். சிறுவயதில் நாம் வியந்து நோக்கிய இந்தக் கற்பனை இன்று வேறொன்றை நினைவூட்டுகிறது. தேயிலைப் பொதிகளிலும் சுற்றுலா விளம்பரங்களிலும் நம் தாய்மாரின் படம் வருவதில்லையா? இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் ஏந்திய கை அங்கே தெளிவாகத் தெரிகிறது. ஓயாத புன்னகையொன்றும் தெரிகிறது. அந்தக் கைக்குரிய மனுஷி தெரிகிறாளா? அவளது ஈரக் காம்பராவும் அட்டை கடித்த காலும் தெரிகின்றனவா?

நம் குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது. சுவரிலிருந்த நாயகியர் அனைவரும் வெண்ணிற மேனியர். உழைப்பின் தழும்பு அறியாதவர்கள். அவர்களைப் பார்த்து அழகு இன்னதென்று கற்றுக்கொண்ட நம் பெண்கள், தம் கறுத்த முகத்தை அழகின் எல்லைக்கு வெளியே வைத்தார்கள். ஓவியரின் திறமையை வணங்கும் நாம், அந்தத் திறமை சந்தைக்குப் பணிந்தபோது நேர்ந்த இந்தக் கேட்டையும் சொல்லியே ஆகவேண்டும்.

தடையொன்றே இதற்குப் பரிகாரமாகுமா? 1970இல் பதவியேற்ற ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் காலத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. வீரகேசரி நிறுவனம் ஈழத்து நாவல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' 1974இல் நூலாயிற்று. மலையக வாழ்வு மலிவு விலையில் மக்கள் கைக்கு எட்டியது. இது பெரும் வெற்றியே. ஆனால், எழுத்தாளரை வளர்க்கக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையேனும் ஓவியரை வளர்க்க நாம் காட்டினோமா? 1977இல் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டு அந்த ஏடுகள் திரும்பி வந்தபோது, அவற்றுக்கு ஈடான சித்திர மரபொன்று நம்மிடம் இருக்கவில்லை.

சென்ற தவணையில், தமக்குத் தெரிந்த ஒருவரின் கதைக்கு அட்டைப்படம் வரையுமாறு நம் வகுப்பு மாணவரைக் கேட்டோம். பெரும்பாலானோர் சினிமா முகங்களையே வரைந்தனர். மாணவி ஒருத்தி மட்டும் தன் தாயை வரைந்திருந்தாள். தலையில் கயிறு, முதுகில் கூடை, சுற்றிலும் பனி, முகம் இல்லை. காரணம் கேட்டோம். "விடிய அம்மா வேலைக்குப் போறப்ப முதுகுதான் சேர் தெரியும்" என்றாள்.

மணியத்தையும் கோபுலுவையும் சங்கரையும் அவள் பார்த்துப் பழகட்டும். கோட்டின் வலிமையை அவர்களிடமே கற்கட்டும். ஆனால், அவள் கண்ட முதுகை அவளன்றி வேறு யாரும் வரைய முடியாது. மலையகத்தில் நூல் வெளியிடும் நண்பர்கள் இணையத்தில் கிடைக்கும் தேயிலைமலைக் காட்சியொன்றை எடுத்து அட்டையிலிடும் வழக்கத்தைக் கைவிட்டு, இத்தகைய பிள்ளைகளைத் தேடிச் சென்று, உரிய கூலி கொடுத்து, பெயரும் பொறித்து வரையச் செய்யவேண்டும். லயத்துச் சுவரில் நம் முகமும் ஒட்டப்படும் நாள் அவ்வாறுதான் வரும்.