மொட்டைமாடியில் விளைந்தது என்ன?

2020 மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடினார்கள். சென்னைக்குக் காய்கறி வந்து இறங்கும் இடத்திலேயே கொரோனா பரவியதால் வேறு வழியில்லை. மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாறுவதற்குள் எங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியில் கத்தரிக்காய் இல்லை, பீன்ஸ் இல்லை. இருந்த தக்காளிக்கும் வரிசை கட்டி நின்றோம். அந்த வாரத்தில்தான் எங்கள் தெருவில் நான்கு மொட்டைமாடிகளில் செடிப்பைகள் ஏறின. நானும் ஒரு பழைய பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டுத் தண்டுக்கீரை விதையைத் தூவினேன்.

அந்த மாதங்களில் இரண்டு பேச்சுகள் எங்கும் அடிபட்டன. வீட்டுக் காய்கறியை வீட்டிலேயே விளைவித்துத் தன்னிறைவு அடைந்துவிடலாம் என்பது ஒன்று. மனிதர்கள் அடங்கியதும் இயற்கை திரும்பிவிட்டது என்பது மற்றொன்று. மாடித்தோட்டம், பறவை பார்ப்பது இரண்டையும் அன்று தொடங்கி இன்றுவரை விடாமல் செய்துவருகிறேன். இரண்டின் மேலும் எனக்குப் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தால்தான், அவற்றின் பேரில் சொல்லப்பட்ட மிகையைத் தள்ளி, உண்மையில் கிடைத்தது எவ்வளவு என்று பார்க்க விரும்புகிறேன்.

முதலில் காய்கறிக் கணக்கு. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 300 கிராம் காய்கறி வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. மாதத்துக்கு 36 கிலோ. எங்கள் மாடியில் இருபது பைகள். கீரை, வெண்டை, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் சேர்த்து, நன்றாக விளைந்த மாதத்தில்கூட ஐந்து கிலோவைத் தாண்டியதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு மாடியில் இடமே இல்லை. அவற்றை ரேஷன் கடைதான் தந்தது. அந்த ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் கொடுத்தார்கள். எத்தனையோ வீடுகளில் உலை கொதித்தது அதனால்தான். அதே நாள்களில் பறிக்க ஆளும் ஏற்றிச் செல்ல வண்டியும் கிடைக்காமல் தர்பூசணியையும் வாழையையும் விவசாயிகள் வயலிலேயே விட்டார்கள். நாட்டில் விளைச்சலுக்குக் குறைவில்லை, வயலுக்கும் வாசலுக்கும் இடையில் இருந்த வழிதான் அடைபட்டுக் கிடந்தது. அந்த அடைப்பை என் இருபது பைகளால் நீக்க முடியாது.

பருவமும் ஒத்துவரவில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லி வளர்ந்த ஊரில், நாங்கள் சித்திரையில் விதைத்தோம். அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. தக்காளி தளதளவென்று வளர்ந்து பூத்தது; பூவெல்லாம் வெயிலில் உதிர்ந்தது. பக்கத்து மாடி அக்கா சுவரோரம் வந்து நின்று, “தம்பி, உச்சி வெயில்ல தண்ணி ஊத்தாதீங்க, வேர் வெந்துடும். காலைல ஆறு மணிக்கு முன்னாடி ஊத்துங்க” என்பார். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். புழக்கடையில் அவரைப் பந்தல் போட்டு வளர்ந்தவர். அந்த ஆண்டு தோட்டம் போட்ட பலருக்கு இப்படிச் சொல்லித்தர ஆள் இல்லை. நிழல்வலை கட்டத் தெரியாமல், ஒரே மாதத்தில் மனம் சோர்ந்து விட்டுவிட்டார்கள்.

இன்னும் சில குறைகள் உண்டு. ஈரமண் நிறைந்த இருபது லிட்டர் பை முப்பது கிலோ கனக்கும்; அப்படி இருபது பைகளை ஒரு மூலையில் அடுக்கினால் 600 கிலோ. பழைய தளம் தாங்குமா என்று யாரும் கேட்டதாக நினைவில்லை. தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுக்கும் மாடித்தோட்டத் தொகுப்பில் மண்ணுக்குப் பதில் தென்னைநார்க் கழிவு இருப்பது இதற்காகத்தான். பையின் அடியில் வைக்கும் தட்டில் ஒரு வாரம் நீர் தேங்கினால் டெங்கு கொசு. கடையில் வாங்கும் வீரிய ஒட்டு விதையின் வாரிசு தாயைப் போல் விளையாது. அடுத்த பட்டத்துக்கு மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும். விதையைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே இருப்பவர் தன்னிறைவு பெற்றவர் ஆகமாட்டார்.

அப்படியானால் மாடியில் விளைந்தது என்ன?

ஜூலை மாதம், கத்தரிச் செடியில் இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். பூச்சி வேலை என்று நினைத்துப் பிரிக்கக் கை நீட்டியபோது, தொட்டிச் சுவரில் இருந்து ஒரு தையல்சிட்டு ‘ட்விட், ட்விட்’ என்று விடாமல் கத்தியது. குனிந்து பார்த்தால், இலையின் ஓரத்தில் ஊசி குத்தியதுபோல் வரிசையாகத் துளைகள். அவற்றின் வழியே பஞ்சும் சிலந்தி நூலும் இழுத்துத் தைக்கப்பட்டிருந்தன. துளை அவ்வளவு சிறியது, இலை வாடவே இல்லை. தைப்பது பெண் பறவைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அதே செடியில் மாவுப்பூச்சி ஏறிக்கொண்டிருந்தது. வேப்பெண்ணெய்க் கரைசலைக் கலக்கிக் கையில் வைத்திருந்தேன். அடிக்கவில்லை. குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஏறக்குறைய நான்கு வாரம் அந்தப் பையின் பக்கமே நான் போகவில்லை. அதில் ஒரு காய்கூடக் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு என் தோட்டத்தின் பெரிய மகசூல் அந்தப் பைதான் என்று இப்போதும் சொல்வேன். அதுவரை நாற்பது ஆண்டுகள் அந்தக் குருவியின் குரலை நான் அணில் என்று நினைத்திருந்தேன்.

ஆனால் பறவை பார்ப்பதிலும் ஒரு பிசகு நேர்ந்தது. ஊரடங்கில் குயில்கள் பெருகிவிட்டன என்று பலர் எழுதினார்கள். பங்குனி முதல் வைகாசி வரை குயில் கூவாத ஆண்டு எது? அது அதன் இனப்பெருக்கக் காலம். மற்ற ஆண்டுகளில் நாம் அலுவலகத்தில் இருந்தோம். சான் பிரான்சிஸ்கோவில் ஒருவகைச் சிட்டின் பாட்டை ஆராய்ந்தவர்கள் அதே ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் எழுதியதைப் படித்தால் இது இன்னும் விளங்கும். வாகன இரைச்சல் குறைந்ததும் அந்தச் சிட்டுகள் குரலைத் தாழ்த்திப் பாடின. ஆனாலும் அந்தப் பாட்டு முன்னைவிட இரண்டு மடங்கு தூரம் கேட்டது. அடங்கியது நம் சத்தம்.

வதந்திகளும் சேர்ந்துகொண்டன. கோழிக்கோடு மாவட்டத்தில் சாலையைக் கடந்த ஒரு சாதாரணப் புனுகுப்பூனையை, அழிந்துபோனதாகக் கருதப்பட்ட மலபார் புனுகுப்பூனை என்று நாடு முழுவதும் பகிர்ந்தார்கள். காட்டுக்குள் நடந்தது வேறு. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பின் அறிக்கை, இந்தியாவில் ஊரடங்குக்கு முந்தைய ஆறு வாரங்களில் 35 ஆக இருந்த வேட்டைச் சம்பவங்கள் ஊரடங்கின் முதல் ஆறு வாரங்களில் 88 ஆனதாகச் சொன்னது. இயற்கை மகிழ்ந்தது என்று நாம் பாடிய நாள்களில் காட்டில் சுருக்குக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப்பட்ட மிகைக்கும் வதந்திக்கும் மருந்து, பார்த்ததைக் குறித்துவைக்கும் பழக்கம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நான்கு நாள்களில் ஏதாவது ஒரு நாள், குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் இ-பேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். ஆண்டுதோறும் ஒரே இடத்தில் நின்று எழுதும் பட்டியலை வைத்துத்தான் குயில் பெருகியதா குறைந்ததா என்று சொல்ல முடியும். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை எழுதினார். அந்தப் பொறுமையைத்தான் ஊரடங்குக் காலப் பறவை ஆர்வலர்களில் பெரும்பாலோரிடம் காணவில்லை; அலுவலகம் திறந்ததும் தொலைநோக்கி அலமாரிக்குப் போயிற்று.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் குடியிருந்தார்கள். மாடிக்கதவுக்குப் பூட்டு, சாவி வீட்டுக்காரரிடம். மேல்தளத்தில் அதிக வாடகை கொடுத்த எனக்கு ஒரு சாவி கிடைத்தது, அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நகரத்தின் பூங்காக்களும் மூடியிருந்தன. நான் தையல்சிட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நான்கு வாரமும் அந்த வீட்டுப் பிள்ளைகள் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அன்று வீட்டுக்காரரிடம் அவர்களுக்காகப் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும்.

அன்று பைகள் ஏறிய நான்கு மாடிகளில் இன்று இரண்டில் மட்டும் செடி இருக்கிறது. உங்கள் மாடி மூலையில் காய்ந்த பை கிடந்தால் வரும் ஆடியில் அதை உதிர்த்து நாட்டு வெண்டை ஊன்றுங்கள். நீங்கள் வீட்டுக்காரராக இருந்தால், மாடிச் சாவியில் இன்னொன்று செய்து கீழ்வீட்டுக்குக் கொடுங்கள்.