ஆட்டிப் பார்க்க வேண்டியது யார்? – ஏ.டி.எம். கார்டு ரீடர் வடிவமைப்பு பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

2018 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, அத்தையோடு ஒரு வங்கிக் கிளையில் உட்கார்ந்திருந்தேன். அத்தை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முந்தின சனிக்கிழமை இரவு அவருடைய ஓய்வூதியக் கணக்கிலிருந்து நாற்பதாயிரம் ரூபாய் போயிருந்தது. நள்ளிரவுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் இருபதாயிரம், நள்ளிரவு தாண்டியதும் இன்னொரு இருபதாயிரம். ஒருநாள் வரம்பு இரண்டு முறை கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நேரக் கணக்கு. கார்டு என்னவோ அத்தையின் கைப்பையில் பத்திரமாக இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த அதிகாரி கேட்டார்: “கார்டை சொருகுறதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஆட்டிப் பாத்தீங்களாம்மா? எல்லா ஏ.டி.எம்.லயும் நோட்டீஸ் ஒட்டியிருக்கோமே.”

அத்தை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னாடி சக்கரத்து நட்டை நான்தான் முறுக்கிப் பாக்கணுமா தம்பி?”

பணம் பிறகு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியை யாரும் வாபஸ் வாங்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை ஏ.டி.எம். பக்கமே போவதில்லை, கிளைக்குப் போய் வரிசையில் நின்று பணம் எடுக்கிறார். அன்றிலிருந்து கார்டு ரீடர் வடிவமைப்பு பற்றி அவ்வப்போது படித்து வைத்த குறிப்புகளைத்தான் இங்கே தொகுக்கிறேன். நான் சாஃப்ட்வேர் ஆள், வங்கித் துறையில் வேலை பார்த்ததில்லை. ஒரு வடிவமைப்பு யார் தலையில் பொறுப்பைக் கட்டுகிறது என்று பார்ப்பது மட்டும் என் தொழிலிலும் உண்டு.

திருடனுக்கு என்ன வேண்டும்?

கார்டின் பின்னால் உள்ள கறுப்புக் காந்தப்பட்டையில் மூன்று தடங்கள் உண்டு. ஏ.டி.எம். முக்கியமாகப் படிப்பது இரண்டாவது தடத்தை. அதில் அதிகபட்சம் 40 எழுத்துகள்தான்: கார்டு எண், காலாவதி தேதி, எந்த வகைச் சேவைக்கான கார்டு என்று சொல்லும் மூன்று இலக்கக் குறியீடு, சரிபார்ப்பு எண். எல்லாமே மாறாத தகவல். இன்றைக்குப் படித்தாலும் அதேதான், அடுத்த வருஷம் படித்தாலும் அதேதான். எங்கள் பாஷையில் சொன்னால், எல்லோர் கண்ணிலும் படும்படி அட்டையில் எழுதி, போகிற இடமெல்லாம் காட்டிக்கொண்டே திரிகிற பாஸ்வேர்டு.

அதைப் படிக்க, பழைய டேப்ரெக்கார்டரில் இருந்ததே, அதே தத்துவத்தில் ஒரு காந்த ஹெட் போதும். கார்டு போகிற வாய்க்கு மேலே அச்சு அசலாக இன்னொரு பிளாஸ்டிக் வாயைப் பொருத்தி, அதற்குள் ஹெட்டை ஒளித்து வைத்தால் அது ஸ்கிம்மர். பின் நம்பருக்கு ஒரு குட்டி கேமரா, இல்லையென்றால் கீபேடுக்கு மேல் இன்னொரு போலி கீபேடு. இரண்டும் சேர்ந்தால் கதை முடிந்தது.

2016 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்ததை நினைவிருக்கிறவர்கள் இருக்கலாம். அங்கே கேமராவைக் கூரையில், புகை உணரும் கருவி மாதிரியான ஒன்றுக்குள் வைத்திருந்தார்கள். பணம் எடுக்கப்பட்டது மும்பையில். அந்த அறைக்குள் போன எத்தனை பேர் கூரையை அண்ணாந்து பார்த்திருப்பார்கள்? பார்த்திருந்தாலும், ஏ.டி.எம். அறையில் புகை உணரும் கருவி இருப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மூன்று கேள்விகள்

எந்த ஸ்கிம்மிங் தடுப்பு வடிவமைப்பையும் மூன்று கேள்விகளால் மதிப்பிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, திருட்டைக் கண்டுபிடிக்கிற வேலையை அது யாரிடம் கொடுக்கிறது? இரண்டு, திருடனுக்குத் தேவையான அடிப்படைச் சூழ்நிலையை உடைக்கிறதா, இல்லை தொந்தரவு மட்டும் செய்கிறதா? மூன்று, தகவல் திருடு போனாலும் அது செல்லாக்காசாகிறதா?

முதலில், பச்சை நிறத்தில் ஒளி ஊடுருவுகிற பிளாஸ்டிக்கில், மூக்கு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிற அந்த வாய். எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வளைவின் மேல் வேறொன்றை ஒட்டுவது கஷ்டம், ஒட்டினாலும் கண்ணுக்குத் தெரியும் என்பது யோசனை. நடந்தது என்ன? திருடர்கள் ஸ்கிம்மரையே பச்சை மூக்கு வடிவத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அமெரிக்கப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் இப்படிப் பிடிபட்ட கருவிகளின் படங்களையே வெளியிட்டிருக்கிறார். அசல் மூக்கு எப்படி இருக்கும் என்று வாடிக்கையாளருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு வங்கியில் பச்சை, இன்னொன்றில் நீலம், மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. அசல் தெரியாதவரிடம் போலியைக் கண்டுபிடி என்பது என்ன நியாயம்? ஆகவே முதல் கேள்வியிலேயே இது தோற்கிறது. ஆட்டிப் பார்க்கச் சொல்லும் நோட்டீஸும் இதே ரகம்தான். ஸ்கிம்மர் வாய்க்குள்ளேயே ஆழத்தில் செருகப்பட்டிருந்தால் ஆட்டுவதற்கு வெளியே ஒன்றும் இருக்காது.

நோட்டீஸில் உருப்படியான வரி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பின் நம்பர் போடும்போது மறு கையால் மூடிக்கொள்ளுங்கள் என்பது. கூரைக் கேமராவுக்கு எதிராக அது நன்றாகவே வேலை செய்யும். போலி கீபேடு இருந்தால் அதுவும் பயனில்லை. ஆனாலும் மூடுங்கள்.

அடுத்தது, நடுக்கம். மோட்டார் வைத்த ரீடர் கார்டைச் சீராக இழுக்காமல், நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் முன்னும் பின்னுமாக இழுக்கும். மிஷின் பழசாகிவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். சீரான வேகத்தை நம்பியிருக்கிற ஸ்கிம்மர் இதில் குழம்பும். அதற்குப் பதிலாக, வாயைச் சுற்றி மின்காந்த இரைச்சலைப் பரப்பி ஸ்கிம்மரின் காதை அடைக்கிற கருவிகளும் உண்டு. இரண்டுமே வாடிக்கையாளரிடம் எதையும் கேட்பதில்லை. அந்த வகையில் மரியாதையான வடிவமைப்புகள். ஆனால் இரண்டாவது கேள்வியில் அரைகுறை மதிப்பெண்தான். காந்த அலையை அப்படியே ஒலி மாதிரி பதிவு செய்துகொண்டு, நடுக்கத்தை அப்புறம் சாஃப்ட்வேரில் சரிசெய்யலாம். இரைச்சலுக்கு, இரண்டு ஹெட் வைத்து ஒன்றில் இரைச்சலை மட்டும், மற்றதில் இரைச்சலோடு சேர்ந்த தகவலைப் பதிந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிடுகிறார்கள். ஸ்டீரியோ ஸ்கிம்மிங் என்று அதற்குப் பெயரே உண்டு. பாட்டுப் பதிவுக்காரர்களின் வித்தை!

எனக்குப் பிடித்த வடிவமைப்பு 2010-களின் நடுவில் டீபோல்டு நிறுவனம் கொண்டுவந்தது. கார்டை வழக்கம்போல் குறுகிய பக்கமாகச் செருகாமல், 90 டிகிரி திருப்பி நீளப் பக்கமாகச் செருக வேண்டும். இதில் என்ன விசேஷம்? குறுகிய பக்கம் முதலில் போனால், பட்டை முழுவதும் ஒரே புள்ளியைக் கடந்து போகிறது. அந்தப் புள்ளியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஹெட்டுக்கு முழுத் தகவலும் கிடைத்துவிடும். நீளப் பக்கம் முதலில் போனால், எந்தப் புள்ளியையும் பட்டையின் ஒரு சின்னத் துண்டுதான் கடக்கும். உள்ளே, பொதுமக்கள் கை எட்டாத இடத்தில், ரீடரின் ஹெட் பட்டை நெடுக நகர்ந்து படித்துக்கொள்ளும். இது தொந்தரவு கொடுப்பது அல்ல, அடிப்படைச் சூழ்நிலையையே உடைப்பது. ஆனால் ஊர் முழுக்க இருக்கும் மிஷின்களை மாற்ற வேண்டும், பழகிய கையையும் மாற்ற வேண்டும். நான் பணம் எடுத்த எந்த ஊரிலும் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

இன்னொன்று, புளோரிடா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2018-ல் வெளியிட்டது. கார்டு வடிவத்திலேயே ஒரு சோதனைக் கருவி. வாய்க்குள் செருகினால் வழியில் எத்தனை காந்த ஹெட்டுகள் தொடுகின்றன என்று எண்ணும். இருக்க வேண்டியதற்கு மேல் ஒன்று இருந்தால் அது திருடனுடையது. எவ்வளவு அழகாக மறைத்தாலும் ஸ்கிம்மர் படித்தாக வேண்டும், படிக்க ஹெட் வேண்டும். பார்க்காதே, எண்ணு. பணம் நிரப்ப வருகிறவர் கையில் இதைக் கொடுக்கலாம். ஆட்டிப் பார்க்க வேண்டியது யார் என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இதுதான்.

சிப் வந்த பிறகுமா?

“அதெல்லாம் பழைய கதை, இப்போ சிப்புதானே” என்று கேட்பீர்கள். நியாயம். நம் ஊரில் பட்டை மட்டும் உள்ள கார்டுகளை 2018 டிசம்பர் 31-க்குள் சிப் கார்டுகளாக மாற்றச் சொன்னது ரிசர்வ் வங்கி. சிப் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு சங்கேத விடையைக் கணக்கிட்டுத் தருகிறது. சிப்பில் இருக்கும் சரிபார்ப்பு எண்ணும் பட்டையில் இருப்பதும் வேறுவேறு. அதனால் சிப்பிலிருந்து ஒட்டுக்கேட்டதை வைத்துப் போலிப் பட்டை செய்தால், வங்கி ஒழுங்காகச் சரிபார்க்கும் பட்சத்தில் செல்லாது. மூன்றாவது கேள்வியில் தேறுகிற வடிவமைப்பு.

ஆனால் கடையில் ஸ்வைப்பிங் மிஷினில் சிப் கார்டைச் செருகுவதைக் கவனியுங்கள். முன்பகுதி மட்டும் உள்ளே போகிறது. பட்டையின் பெரும்பகுதி வெளியிலேயே நிற்கிறது. ஏ.டி.எம்.மிலோ கார்டு முழுவதும், அல்லது விரல் பிடிக்கிற நுனி தவிர மற்றதெல்லாம், உள்ளே போகிறது. சிப்பை மட்டும் படிக்கிறதற்கு இது தேவையே இல்லை. ஆனாலும் பட்டை ஒவ்வொரு முறையும் அந்த ஆபத்தான வாயைக் கடந்து ஊர்வலம் போகிறது. இன்னும் வேடிக்கை, மோட்டார் ரீடர்கள் பலவற்றில் வாயிலேயே ஒரு காந்த ஹெட் இருக்கும். பட்டை தெரிந்தால்தான் கதவு திறக்கும், கண்ட அட்டையும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. அதாவது, பட்டையை ஒழிக்க வந்த சிப்புக்கு உள்ளே போக, பட்டையின் சிபாரிசு தேவை! பழைய ஏற்பாட்டை எடுக்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டுவதை எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிறேன். அதனால் சிரிக்கவும் முடியவில்லை.

மாஸ்டர்கார்டு 2021-ல் அறிவித்தபடி, 2033-க்குள் அதன் கார்டுகளில் பட்டையே இருக்காது. அதுவரை உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் பட்டையை ஏற்கிற மிஷின் இருக்கும்வரை, திருடிய பட்டைக்கு விலை உண்டு. இந்த ஓட்டையை நம் ஊரில் ஓரளவு அடைத்தது ரீடர் அல்ல, ஒரு விதி: 2020 அக்டோபர் முதல் புதிய கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடைகளிலும் மட்டுமே வேலை செய்யும், வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம் கேட்டால்தான் திறப்பார்கள்.

யார் பணம் போகிறது?

கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன் 1993-லேயே ஒரு கட்டுரையில் இந்த விஷயத்தைத் தொட்டார். அமெரிக்காவில் 1980-ல் ஜட் எதிர் சிட்டிபேங்க் வழக்கில் நீதிமன்றம் வாடிக்கையாளரின் சொல்லை நம்பியது. பணம் எடுத்தது அவர்தான் என்று நிரூபிப்பது வங்கியின் வேலையானது. பிரிட்டனில் எங்கள் சிஸ்டம் தவறே செய்யாது என்று வங்கிகளால் சாதிக்க முடிந்தது. நஷ்டம் யாருடையதோ அவருக்குத்தான் ஓட்டையை அடைக்கிற அக்கறை வரும்.

2012-ல் அதே குழு இன்னொன்றைக் கண்டுபிடித்தது. சிப்பிடம் ஏ.டி.எம். ஒவ்வொரு முறையும் ஊகிக்க முடியாத ஒரு எண்ணைக் கொடுக்க வேண்டும். மயோர்க்கா தீவில் பணம் பறிபோன ஒருவரின் பதிவுகளைப் பார்த்தால், 32 பிட்டில் 17 மாறவே இல்லை. மீதி 15 பிட் வெறும் கவுண்டர். எப்போது என்ன எண் வரும் என்று கணிக்கலாம். சிப் கார்டை நகலெடுக்கவே முடியாது என்று சொல்லி அவருக்குப் பணம் மறுக்கப்பட்டிருந்தது. குற்றம் மிஷினுடையது, சந்தேகம் மனிதன் மேல்.

அதனால்தான், இந்தக் குறிப்பில் சொன்ன வடிவமைப்புகள் எல்லாவற்றையும்விட முக்கியமானது ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை என்பது என் முடிவு. தப்பு வங்கியுடையதோ வாடிக்கையாளருடையதோ அல்லாமல் அமைப்பில் வேறெங்கோ நடந்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் பூஜ்யம். புகார் செய்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர் தவறு என்றால் அதை நிரூபிப்பது வங்கியின் பொறுப்பு. அதற்கு அடுத்த வருஷம், 2018 ஜூனில், எல்லா ஏ.டி.எம்.களிலும் ஸ்கிம்மிங் தடுப்பு ஏற்பாட்டை 2019 மார்ச்சுக்குள் செய்யச் சொன்னார்கள்.

அன்று கிளையில் அத்தையிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டபோது, இந்த 2017 விதி அமலில் இருந்தது. ஆட்டிப் பார்த்தாரா இல்லையா என்பது விதிப்படி ஒரு பொருட்டே அல்ல. அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. நோட்டீஸை ஒட்டி ஒட்டி, அதுதான் சட்டம் என்று அவரே நம்பிவிட்டார். நோட்டீஸ் என்பதும் ஒரு வடிவமைப்புத்தான். அது திருடனை ஒன்றும் செய்வதில்லை. பணத்தை இழந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வைக்கிறது, அவ்வளவுதான்.

இனி உங்கள் வீட்டில் யாரிடமாவது அந்தக் கேள்வி கேட்கப்பட்டால், அந்தச் சுற்றறிக்கையின் தேதியைச் சொல்லுங்கள். மூன்று வேலை நாள் கணக்கையும் மறக்காதீர்கள். அத்தைக்கு நான் அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே அப்போது தெரியாது.