வல்லதும் செய்வதும்: இயலாமை வகைப்பாட்டுப் பயிற்சியில் சொல்லாட்சி

உலகச் சுகாதார நிறுவனம் வகுத்து, அதன் பேரவை 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏற்றுக்கொண்ட ‘செயற்பாடு, இயலாமை, உடல்நலம் ஆகியவற்றின் அனைத்துலக வகைப்பாடு’ என்னும் நூல், மருத்துவர், இயன்முறை மருத்துவர், சிறப்புக்கல்வி ஆசிரியர், சமூகப் பணியாளர் ஆகிய பல துறையார்க்கும் ஒரு பொதுமொழியாதல் வேண்டும் என்னும் நோக்குடன் எழுந்தது. அதனைக் கையாளும் முறையை இவர்கட்குத் தமிழில் பயிற்றுங்கால் எழும் இடர்ப்பாடொன்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். மருத்துவத்துறை நூலொன்றைத் தமிழாய்வு இதழ் எடுத்துக்கொள்வது ஏன் என ஐயுறுவாரும் உளர். இடர்ப்பாடு மருத்துவத்தில் இல்லை; சொல்லில் உளது. ஆதலின் அஃது எம் கடமையுள் அடங்கும்.

இந்நூற்கு முன்னோடியாக 1980-இல் வெளிவந்த வகைப்பாடு குறைபாடு, இயலாமை, பின்னடைவு என மூன்று படிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியது. 2001-ஆம் ஆண்டு நூல் அவ்வொருவழிப் போக்கைக் கைவிட்டது. உடலின் தொழில்களைப் ‘பி’ என்னும் எழுத்தாலும், உடலின் அமைப்புகளை ‘எஸ்’ என்பதாலும், செயலையும் பங்கேற்பையும் ‘டி’ என்பதாலும், சூழலை ‘இ’ என்பதாலும் குறித்து, இவை ஒன்றையொன்று தாக்கும் என்றது. இயலாமை உடலில் உறைவதொரு பொருளன்று. ஒருவருடைய உடல்நிலைக்கும் அவர் வாழும் சூழலுக்கும் இடையே நிகழ்வது என்பதே அந்நூலின் உயிர்க்கருத்து. 1,400-க்கு மேற்பட்ட குறியீடுகளை மனப்பாடம் செய்தும் இக்கருத்தைத் தவறவிட்டவர் அந்நூலைப் பயின்றவர் ஆகார்.

நம் இலக்கணம் இங்கு ஒரு விளக்கம் தருகின்றது. சினைக்குரிய வினை முதலொடு முடிதலைத் தொல்காப்பியரும் நன்னூலாரும் உடன்படுவர். ‘கால் ஒடிந்தது’ என்பதோடு ‘கால் ஒடிந்தான்’ என்பதும் வழுவற்ற தொடரே. ஒடிந்தது கால், வினைமுற்றோ ஆளைச் சுட்டுகின்றது. வழக்கில் இதனாற் கேடில்லை. ஆயின் இப்போக்கு மேலும் ஒரு படி சென்று முடவன், கூனன், ஊமையன் என ஆட்பெயராய் இறுகுங்கால், ஓர் உறுப்பின் நிலை மனிதனை முழுதும் விழுங்கிவிடுகின்றது. அனைத்துலக வகைப்பாடோ தான் மனிதரை வகைப்படுத்துவதில்லை என்றும், அவர்தம் நிலைகளையே வகைப்படுத்துகின்றது என்றும் வெளிப்படையாகவே கூறுகின்றது. ஆட்பெயர் விகுதியோடு எண்ணிப் பழகியவர்க்கு இஃது எளிதன்று. ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் 2010 முதல் தமிழ்நாட்டரசின் வழக்கில் நிலைபெற்று, ‘ஊனமுற்றோர்’ என்பதன் இழிவைப் போக்கியது. அதனைப் பழித்தல் எம் நோக்கமன்று. எனினும் அச்சொல்லும் ஆளையே சுட்டுகின்றது என்பதும், அதன் நடுவே ‘திறன்’ நிற்கின்றது என்பதும் பயிற்றுவோர் மறக்கத்தக்கன அல்ல.

அத் ‘திறன்’ என்னும் சொல்லே பெருந்தொல்லை விளைக்கின்றது. ‘டி’ பகுதியில் அந்நூல் இரண்டனை வேறுபிரித்து அளக்கச் சொல்கின்றது. துணையின்றி, ஒருசீரான சூழலில் வைத்து நோக்கின் ஒருவர் எதனைச் செய்ய வல்லவர் என்பது ஒன்று. தாம் வாழும் சூழலில் அவர் உண்மையிற் செய்வது யாது என்பது மற்றொன்று. முன்னதனை ‘இயல்திறன்’ என்றும் பின்னதனைச் ‘செயல்திறன்’ என்றும் பெயர்த்தால், இரண்டும் திறனாகி, இரண்டும் ஆளின்மேல் ஏறிவிடும்.

தொழுநோய் நீங்கப்பெற்ற ஒருவரை எண்ணுக. முகத்தில் வடு உண்டு. கைகால்களுக்குத் தளர்ச்சி இல்லை. எவ்வேலையும் செய்ய வல்லார். வேலை தருவார்தாம் இலர். ஊதியம் பெறும் வேலைக்குரிய குறியீடு ‘டி850’. அதன் புள்ளிக்குப் பின்வரும் முதல் இலக்கம் நடைமுறையையும், இரண்டாம் இலக்கம் வல்லமையையும் அளக்கும். இடர் இன்மைக்குச் சுழியும், கடும் இடருக்கு 3-உம், முழு இடருக்கு 4-உம் இடப்படும். எனவே இவர்க்கு ‘டி850.30’ என எழுதி, ஊராரின் மனப்பான்மை கடுந்தடையாக நிற்றலை ‘இ460.3’ எனச் சேர்த்தெழுதுதல் முறை. சூழற்குறியீட்டில் புள்ளி இட்டால் தடை. அவ்விடத்திற் கூட்டற்குறி இட்டால் துணை. (ஒரு புள்ளி எழுத்தின் இயல்பையே மாற்றுதலைத் தமிழ் கற்றார்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.)

சொல்லாலோசனைக்காக யாம் சென்றிருந்த பயிற்சி வகுப்பொன்றில் இத்தகைய எடுத்துக்காட்டே கொடுக்கப்பட்டது. பலரும் இரண்டிடத்தும் சுழியையே இட்டனர். மருத்துவர் ஒருவர் எழுந்து, “இவருக்குத் திறன் சிறிதும் குறையவில்லையே, செயல்திறன் என்ற கட்டத்தில் நான் எப்படி 3 போடுவது?” என்று வினவினார். பயிற்றுநர் அவருக்கு விதியை மீண்டும் படித்துக் காட்டினார். எம் கருத்தில் மருத்துவர் வினா முற்றும் சரி. கட்டத்தின் தலைப்பே பிழை. அத்தலைப்பை நம்பிய அனைவரும் ‘இ’ பகுதியை வெறுமையாக விட்டிருந்தனர். உடலில் குறையில்லை, செயலில் இடரில்லை, சூழலில் தடையில்லை. அவ்வளவில் அம்மனிதர்க்கு யாதொரு துன்பமும் இல்லை என்றாயிற்று. அவர் வேலையின்றி இருப்பதை அத்தாள் அறியாது.

தமிழர் இயலாமையைப் பண்டே வகைப்படுத்தினர் எனக் கூறிப் புறநானூற்று 28-ஆம் பாட்டை இந்நூலோடு ஒப்பிடுதல் மேடைக்கு இனிதாகலாம், ஆய்வுக்குப் பொருந்தாது. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குக் கூறும் எண்பேரெச்சம் பிறப்பின் வகைகளாம். அவற்றாற் பயனில்லை என்பது ஆங்குப் பேசப்படும் கருத்து. சூழல் என்பதற்கு அங்கு இடமே இல்லை. அப்பாட்டு மக்கட்பிறப்பின் பேற்றை உணர்த்த வந்தது. அதனைப் பயிற்சிக்கு முன்னுரையாக்குவோர், கைவிடவேண்டிய எண்ணத்தையே கற்போர் உள்ளத்தில் முதற்கண் ஊன்றிவிடுகின்றனர்.

இவையெல்லாம் சொற்போர் என ஒதுக்கற்பாலன அல்ல. 2016-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், தடைகளோடு உறழ்ந்து பங்கேற்பு இழத்தலை இலக்கணத்திற் சேர்த்துக்கொண்டது. ஆயினும் அச்சட்டத்தின் இடஒதுக்கீட்டிற்கு, குறிப்பிட்ட 21 வகைகளுள் ஒன்றில் 40 விழுக்காட்டிற்குக் குறையாமை வேண்டும். சான்று எழுதும் மருத்துவர் கண் உடலின்மேலேயே நிற்க இதுவும் ஒரு காரணம். உடலை மட்டும் நோக்கும் பழக்கத்தை நீக்கவே வந்த வகைப்பாட்டை, அப்பழக்கத்திற்குரிய சொற்களாலேயே கற்பித்தல் கண்டிக்கத்தக்கது.

யாம் பரிந்துரைப்பன சில. ‘இயல்திறன்’, ‘செயல்திறன்’ என்னும் இணையை நீக்கி, கட்டங்களுக்கு ‘வல்லது’, ‘செய்வது’ எனத் தலைப்பிடுக. இவை புலமைச் சொற்கள் அல்ல எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆனால் தம் நிலை எழுதப்படுவோர் அதனை அறிந்து, உடன்பட்டு, பங்குகொள்ளவேண்டும் என அந்நூலின் அறநெறிப் பகுதி விதிக்கின்றது. அவர்க்கு விளங்காத கலைச்சொல்லால் அவ்வுடன்பாட்டைப் பெறுதல் எங்ஙனம்? அன்றியும், நூலின் வரிசைப்படி ‘பி’யிற் தொடங்காது, முதல் நாள் வகுப்பை ‘இ’ பகுதியிற் தொடங்குக. பயில்வோர் ஒரு நோயாளியையும் காணுமுன், தாம் பணிபுரியும் கட்டிடத்தின் வாயிற்படிகளை எண்ணி, ‘இ150’ என்னும் குறியீட்டில் அளவிட்டு வரட்டும்.