முதுமை வாங்கிய குரல்

1953இல் அமெரிக்காவில் பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகியின் 'ஹவுண்ட் டாக்' இசைத்தட்டு வெளிவந்தது. ஒட்டிக்கொண்டு திரியும் உதவாக்கரை ஆணை மின்கிதாரின் உறுமலோடு விரட்டும் ப்ளூஸ் பாட்டு அது. அதே ஆண்டு ஜெமினியின் 'ஔவையார்' வந்தது. அதில் அரசர்களுக்கு முன்னால் அஞ்சாமல் நின்று பாடினார் கே.பி. சுந்தராம்பாள். இரண்டுமே அடிவயிற்றிலிருந்து எழுந்த குரல்கள். தார்ன்டன் தன் உடலோடும் வேட்கையோடும் பாட முடிந்தது. சுந்தராம்பாளோ அவற்றைக் கழற்றி வைத்த பிறகே பாட வேண்டியிருந்தது.

அவருடைய பேர்பெற்ற பாத்திரங்களை வரிசையாகப் பாருங்கள். 'நந்தனார்' (1935): ஆண் வேடம். 'மணிமேகலை' (1940): பௌத்தத் துறவி. 'ஔவையார்': திருமணத்தை மறுத்து முதுமையை வரமாகக் கேட்டவள். 'பூம்புகார்' (1964): சமணத் துறவி கவுந்தியடிகள். 'காரைக்கால் அம்மையார்' (1973) படத்தில் இளமையும் இல்லறமும் லட்சுமிக்கு. அவை உதிர்ந்த பிறகே சுந்தராம்பாள் வருகிறார்.

1933இல் எஸ்.ஜி. கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25. அதன்பின் வெள்ளைச் சேலைதான். ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை. இதைக் கற்பின் பெருமையாகவே சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். நாமக்கல் பக்கமிருந்து காவிரியைக் கடந்தால் வரும் கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி அவர். அவரே 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். 1958இல் சட்ட மேலவைக்கும் சென்றார். துக்கத்தில் எடுத்த வெள்ளைச் சேலை, ஆண்களின் தொழிலில் அவர் தனக்குப் போட்டுக்கொண்ட வேலியுமாயிற்று. வேலிக்கு விலை உண்டு. அந்த விலையை அவர் குரல் கொடுத்தது.

மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைவரை எட்டப் பழகிய குரல் அது. பின்னணிப் பாடல் வேரூன்றியதும் கதாநாயகிக்கு மென்குரலே இலக்கணமானது. எல்.ஆர். ஈஸ்வரியின் திறந்த குரல் பெரும்பாலும் கிளப் நடனத்துக்கும், திரைக்கு வெளியே அம்மன் பாட்டுக்கும் போனது. ஓங்கிப் பாடுகிறவள் துறவியாகலாம், ஆட்டக்காரியாகலாம், தெய்வமாகலாம். வீட்டுக்குள் வாழ்கிற, ஆசைப்படுகிற, சண்டை போடுகிற பெண்ணுக்கு அந்தக் குரலைக் கொடுக்க நம் சினிமா தயங்கியது. வகுப்பில் உரத்துப் பேசும் மாணவியிடம் 'ஆம்பளத் தொண்டை' என்கிறோமே, அதுவும் இந்தத் தயக்கம்தான்.

'ஔவையார்' பாடல்களை ஒருமுறை படம் பார்க்காமல், கேட்க மட்டும் செய்யுங்கள். நரையும் கோலும் காணாமல் போகும். மேடையில் கிட்டப்பாவுக்குச் சரிக்குச் சரி நின்று பாடிய இளம்பெண்ணின் குரல் அதில் இன்னும் இருக்கிறது.