மூக்குத் தண்டு அறுவை: சொல்லாமல் விடுவது

"மூக்குத் தண்டு வளைந்திருக்கிறது, சின்ன ஆபரேஷன்தான்." மூக்கடைப்பைப் பற்றிய நமது மருத்துவக் கட்டுரைகள் பல இந்த அளவிலேயே நின்றுவிடுகின்றன. வெட்டப்படும் குருத்தெலும்பைப் பற்றிப் பேசுகின்றன; அதைப் போர்த்தியிருக்கும் சவ்வை மறந்துவிடுகின்றன. பெரும்பாலான கேடுகள் பிறப்பதோ அந்தச் சவ்வில்தான்.

குருத்தெலும்புக்குச் சொந்த இரத்தக் குழாய் கிடையாது. இருபுறமும் ஒட்டியுள்ள உறையிலிருந்தே அதற்கு ஊட்டம் வருகிறது. அறுவைக்குப்பின் உறைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் தேங்கினால், சில நாட்களிலேயே அது அழியத் தொடங்கும், சீழும் பிடிக்கலாம், மூக்கின் முதுகு குழிந்துபோகும். ஆகவே இரு துளைகளும் அடைத்து, வலி ஏறி, காய்ச்சலும் கண்டால் 'தானே சரியாகும்' என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் திரும்ப வேண்டும். இந்த ஒரு வரியைக்கூட எழுதாத கட்டுரையால் என்ன பயன்?

சவ்வைக் கிழிக்காமல் உரித்து, வளைந்த பகுதியை மட்டும் எடுக்கும் முறையை ஃப்ரீயர் 1902-லும், கில்லியன் 1904-லும் விளக்கினர். முதுகிலும் முன்புறத்திலும் ஒரு பட்டையைத் தாங்கலாக விடவேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. அதையும் சேர்த்து வெட்டிய இடங்களில் மூக்கு சரிந்தது. பின்னர் அமெரிக்காவில் காட்டில், எடுத்தெறிவதைக் குறைத்து, நிமிர்த்தி அமைக்கும் முறையைப் பரப்பினார். இதுவே மேலானது என்பது என் கருத்து. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் நெளிந்த செம்புக் குடத்தைத் தட்டி நிமிர்த்துகிறார்களே தவிர, நெளிந்த தகட்டை வெட்டி எறிவதில்லை. ஆனால் செம்பு தட்டியபடி நிற்கும்; குருத்தெலும்போ பழைய வளைவுக்குத் திரும்பப் பார்க்கும். எனவே கீறியும் தையலிட்டும் அதை நிறுத்த வேண்டியுள்ளது.

இருபுறச் சவ்வும் நேருக்கு நேர் கிழிந்தால் ஓட்டை விழும். கிழிசலைத் தைத்து, இடையே குருத்தெலும்புத் துண்டு வைப்பது தடுப்பு. துணி அடைப்புக்குப் பதிலாக இரு சவ்வுகளையும் ஊடுருவித் தைத்தால் இரத்தம் தேங்க இடமிராது. நோயாளியும் வாயால் மூச்சுவிட்டுத் தவிக்க வேண்டியதில்லை.

இன்னொரு குறை, நோயாளியின் தொழிலைக் கேளாதிருப்பது. குரோமிய முலாம் பூசும் தொட்டியிலிருந்து எழும் அமிலத் திவலை, கத்தியே படாமல் மூக்குத் தண்டைத் துளைக்க வல்லது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் குரோமியப் புண்ணை அறிவிக்கப்படவேண்டிய நோய்களில் சேர்த்திருந்தது. அத்தொட்டியருகே நிற்பவருக்கு, ஏற்கெனவே புண்ணோ ஓட்டையோ உண்டா என்று பாராமல் கத்தி எடுப்பது தகாது. பாலிஷ் சக்கரத்தின் தூசியில் நிற்பவரும், சவ்வு ஆறுமுன் வேலைக்குத் திரும்பினால் மூக்கில் பொருக்குக் கட்டும். எத்தனை நாள் விடுப்பு என்பதை அறுவைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும், பட்டறை முதலாளியிடமும்தான்.